இடிமேகத்துக்கு மாற்று

ஜனவரி 18, ஞாயிறு

இடிமேகம் தீர்ந்தே போய்விட்டது. பாட்டிலைக் கத்தரித்து உள்சுவரைப் பிரஷால் வழித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது குதிரைக்காரனின் மேலங்கியோடு சரி. மீதி ஆறு பேர் சாம்பல் ப்ரைமர் அடிப்பூச்சோடு, குளித்துவிட்டுத் துணிக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்கிறார்கள்.

புது டைரி. யார் என்ன என்று ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன். பத்து வருடம் கழித்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டாமா? நான் சாந்தாமணி. திருப்பூரில் ஒரு டையிங் கம்பெனி லேபில் கலர் பார்ப்பவள். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். அதைச் சாயத்தில் கொண்டு வருவது என் வேலை. கல்யாணம் இல்லை, பூனை இல்லை. ஞாயிறு உண்டு. ஞாயிறு என்றால் கோகிலா வீட்டு மாடி.

கோகிலவாணி ஹாஸ்டல் காலத்துச் சிநேகிதி. ஒன்பது வருடமாக அவள் மாடியறையில் உட்கார்ந்து கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். உடுப்பும் குதிரையும் என் பங்கு, நிறம் எனக்கு வரும். முகமும் கண்ணும் அவள் பங்கு. கடுகில் பாதி இருக்கும் கண்ணுக்குள் கருவிழி வைக்க அவள் கைதான் ஆகும், என் கை நடுங்கும். மார்ச்சில் கோவையில் கண்காட்சி. அதில் ஜோடிப் பிரிவு என்று ஒன்று உண்டு. இரண்டு முறை மூன்றாமிடம் வாங்கியிருக்கிறோம். இந்த முறை பதினெட்டுக் குதிரைக்காரர்கள், முதலிடம், வேறு பேச்சே கிடையாது என்று போன ஆடியிலேயே சொன்னவள் கோகிலாதான்.

இடிமேகம் நாங்கள் வைத்த பெயர். டன்பார் கம்பெனி பாட்டிலில் ஸ்டார்ம் ப்ளூ என்று போட்டிருக்கும். நீலம் என்றால் நீலமில்லை, பச்சை என்றால் பச்சையில்லை. கொட்டப் போகிறேன் பார் என்று மிரட்டுகிற நிறம். அதைத்தான் அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். கட்டையில் போவான்.

கோகிலாவின் தம்பி நாச்சிமுத்து பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார். வருடா வருடம் பெயிண்ட் வாங்கி வருவது அவர்தான். இந்த முறை தைலமும் சாக்லேட்டும், கோகிலாவுக்குப் புதிதாக ஒரு மேசை விளக்கும் மட்டும்.

“அவன் ஏறி எறங்காத கடையில்ல அம்மிணி. ஒரு சொட்டு கெடைக்கலியாமா” என்றாள் கோகிலா.

“ஏனுங்க தம்பி, ஒரு பாட்டில்கூடவா இல்ல?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். “அக்கா சொன்னாச் சரிங்க்கா” என்றார். நாற்பது வயதிலும் அக்காளுக்கு என்ன மரியாதை! இந்தக் காலத்தில் எந்தத் தம்பி இப்படி இருக்கிறான்.

ஜனவரி 22, வியாழன்

இணையத்தில் மாற்றுப் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. இந்தக் கம்பெனியின் இந்த நிறத்துக்கு அந்தக் கம்பெனியின் அந்த நிறம் சமம் என்று எவனெவனோ எழுதி வைத்திருக்கிறான். இடிமேகத்துக்கு வெரோனா கம்பெனியின் 'நைட் சீ' சமமாம். வாங்கிவிட்டேன். சமமாம், சமம்! கத்தரிக்காயும் கத்தரிப்பூவும் சமம் என்பது மாதிரி. ஒரே ஊதா.

இன்னொரு பட்டியல் ஹாசெல் கம்பெனியின் 'டீப் லகூன்' என்றது. அது குளத்துப் பாசி.

ஒருவன் சொன்னதை நம்பி இன்னொருவன், அவனை நம்பி மூன்றாமவன். ஒருத்தனும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

ஜனவரி 25, ஞாயிறு

இனி சொந்தக் கலவைதான். வெள்ளை ஐஸ்கிரீம் ஸ்பூன் ஒரு கட்டு வாங்கிப் போனேன். ஒவ்வொரு கலவையையும் ஸ்பூன் முதுகில் தடவிக் காயவைத்து, பன்னிரண்டு பேரில் ஒருவனின் மேலங்கிக்குப் பக்கத்தில் பிடிப்பது. வெரோனா ஊதாவில் ஹாசெல் பாசியை விட்டால் எங்கோ நடுவில் இடிமேகம் இருக்க வேண்டும், எங்கே என்பதுதான் கேள்வி.

எனக்கு ஒரு கஷ்டம். சாயப்பட்டறையில் ஈரத்துணி கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். இந்த பெயிண்ட் தலைகீழ். ஈரத்தில் வெளுப்பு, காய்ந்தால் கறுக்கும். பதினெட்டு வருடத் தொழில், கண் கேட்கமாட்டேன் என்கிறது. ஈரத்தில் வெளுப்பாகத் தெரிந்தவுடன் கை தானாகக் கறுப்பைச் சேர்க்கிறது. நான்கு ஸ்பூன் கரியாகிவிட்டன.

“டையிங்காரிக்கிட்ட பொம்மையக் குடுத்தா குதுரக்காரனும் கரிமூட்டக்காரனாயிருவான்” என்று கோகிலா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வீட்டுக் காபிக்காகவே இன்னும் நான்கு ஸ்பூன் கெடுக்கலாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று கோகிலாவின் கண்ணைப் பார்த்து அசந்துவிட்டேன்.

ஏழாவது ஸ்பூன். எனக்குச் சரி என்றுதான் பட்டது. அவள் வாங்கி, “இரு, உள்ள நல்ல வெளிச்சம்” என்று படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். தம்பி வாங்கி வந்த விளக்கை அங்கேதான் வைத்திருக்கிறாள். சித்த நேரம் கழித்து வந்து, “சித்தெ பச்ச கம்மி அம்மிணி. ஒரு சொட்டு” என்றாள்.

ஒரு சொட்டு விட்டேன். காய்ந்ததும் பார்த்தால், அட, அவள் சொன்னதுதான் சரி!

ஒன்பது வருடமாக நிறம் என்றால் நான், கண் என்றால் அவள் என்று இருந்தோம். இப்போது அவளுக்கும் நிறம் பிடிபட்டுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, வாய்விட்டுச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டு வேறு பேச்சுப் பேசினாள்.

பிப்ரவரி 4, புதன்

கம்பெனியில் மானம் போயிற்று.

லேபில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. துணியை உள்ளே வைத்துக் கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். சாயம் வேறு வேறு சரக்கில் செய்ததென்றால் அப்படித்தான். அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் டையிங் மாஸ்டர் மௌனசாமி அதை 'வேசங்கட்டுன கலரு' என்பார். அதைக் கண்டுபிடிக்கத்தான் பெட்டி.

அதில் என் ஸ்பூன்களை வைத்துப் பார்த்தேன், எடுக்க மறந்தேன். இன்று துணி வாங்கும் பையர் கம்பெனி ஆள் வந்து கதவைத் திறந்தால் நேவி ப்ளூ துணிகளுக்கு நடுவில் எட்டு ஐஸ்கிரீம் ஸ்பூன்.

முதலாளி அவர் போகும்வரை பொறுத்திருந்தார். “ஏனுங் சாந்தாமணி, கம்பெனில ஐஸ்கிரீம் யாவாரம் ஓடுதுங்களா? இனிப் பொட்டிக்குள்ள துணி மட்டுந்தான் போகோணும், ஆமா.”

மௌனசாமி என் பக்கத்தில் வந்து மெதுவாக, “எனக்கொரு பட்டர்ஸ்காட்ச்சுங்க மேடம்” என்றார். பெயர் மட்டும் மௌனசாமி!

பிப்ரவரி 8, ஞாயிறு

கிடைத்துவிட்டது! பதினொன்றாவது ஸ்பூன்!

நடந்தது இதுதான். கலவையைத் தொட்டு ஸ்பூனில் வைத்தேன். ஈரத்தில் அநியாயத்துக்கு வெளுப்பு. பழைய வழக்கப்படி கை கறுப்புப் பாட்டிலுக்குப் போனது.

“கறுப்பு உடாத!” என்றாள் கோகிலா. “இடிமேகம் ஈரத்துல இப்படித்தான், மோர் ஊத்துனாப்புல இருக்கும். காஞ்சா எறங்கீரும் பாரு.”

காய்ந்தது. இறங்கியது. மேலங்கி பக்கத்தில் பிடித்தால் எது எது என்று தெரியவில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அறையில் ஒரு சுற்று ஆடினோம். கீழே இருந்து அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, “ஏனுங்க, செவுரு உழுந்துருச்சா?” என்று கத்தினார்.

பிப்ரவரி 9, திங்கள்

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. இடிமேகத்தை ஈரத்தில் கையாண்டவள் நான் ஒருத்திதான். உடுப்பு அடித்துக் காய்ந்த பிறகுதான் பொம்மை அவள் மேசைக்குப் போகும். ஈரத்தில் அது மோர் ஊற்றினாற்போல் இருந்ததா என்று எனக்கே ஞாபகம் இல்லை. காய்ந்த நிறத்தைத்தான் கண் வைத்துக்கொள்ளும். அவள் எப்படிச் சொன்னாள்?

எப்போதாவது எட்டிப் பார்த்திருப்பாள். ஹாஸ்டலில் எவள் எந்தக் கிழமை எந்தத் தாவணி என்று ஒப்பிப்பவள் அவள். ஞாபகசக்தி அப்படி.

நாளைக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒரு சிக்கல். பதினொன்றாம் ஸ்பூனை மொட்டைமாடி வெயிலில் பார்த்தேன். டியூப்லைட்டில் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்த நிறம் வெயிலில் ஊதா அடிக்கிறது. மௌனசாமி சொல்லும் அதே வேசம்! வெரோனாக்காரனின் ஊதாச் சரக்கு வெயில் பட்டால் காட்டிக்கொடுக்கிறது.

வழி இருக்கிறது. ஹாசெல் கம்பெனியில் 'மாஸ் கிரே' என்று ஒரு சாம்பல் பச்சை உண்டு. வெரோனாவைக் குறைத்து அதை ஏற்றினால் அடங்கும். பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும், பத்து நாள் ஆகலாம்.

கோகிலா ஒப்பவில்லை. “மண்டபத்துக்குள்ள வெயில் ஏது அம்மிணி? அத்தனையும் லைட்டு. இதையே அடிச்சுரு. நாளு ஓடுது, எனக்கு ஆறு மூஞ்சி போடோணும்.”

வெயிலில் பார்க்காமல் எந்தச் சாயமும் லாரி ஏறக்கூடாது என்று லேபில் எல்லோரிடமும் நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஆனாலும் அவள் சொன்னால் சரி என்று இருந்துவிட்டேன். எனக்குத்தான் எதிலும் நொரநாட்டியம் அதிகம். மாஸ் கிரேயை எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்டர் மட்டும் போட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோகிலா வரவேண்டாம் என்றுவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி வழியில் ஒரு காதுகுத்து. தனியாக வீட்டில் உட்கார்ந்து மூன்று மேலங்கி முடித்தேன். மத்தியானம் தூங்கினேன். ஞாயிறு இவ்வளவு நீளமா?

மார்ச் 1, ஞாயிறு

இன்றும் வேண்டாம் என்றாள். முட்டிவலி, படி ஏற முடியவில்லையாம். பாவம். பச்சைப்பயறு கடைந்து தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் ஈஸ்வரமூர்த்தி வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். “மேலதானுங்க இருக்கறா. காத்தால ஏறுனவ இன்னும் எறங்குல” என்றார்.

நான் படியில் கால் வைப்பதற்குள் கோகிலா தடதடவென்று இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்துட்டியா! வா, கீழயே ஒக்காரலாம், மேல ஒரே தூசி.” தூக்குப்போசியை வாங்கி அங்கேயே ஒரு விரல் தொட்டு நக்கி, “அமிர்தம்” என்றாள்.

ஏறிவிட்டு இறங்க முடியாமல் இருந்திருப்பாள். முட்டிவலி அப்படித்தான், சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. மீதி மூன்று மேலங்கியும் வீட்டில் முடிந்தன.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்து பேருக்கு முகம் ஆகிவிட்டது. என்ன கண்கள்! ஒருவன் சந்தேகப்படுகிறான், ஒருவனுக்குத் தூக்கம், ஒருவன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு போகிறான். பதினெட்டாமவனுக்கு மட்டும் கண் போடவில்லை. மண்டபத்தில் வைத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். சோர்ந்து போயிருக்கிறாள், கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆறு முகத்துக்கா இவ்வளவு சோர்வு என்று கேட்டேன். வயசாகுதல்ல அம்மிணி என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

சேர்ந்து போனோம். தனியாக வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

லீவு போட்டிருக்கிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது.

கோவைக் கண்காட்சி மண்டபத்தில் பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினோம். மேலே எல்இடி விளக்கு. பன்னிரண்டு எது, ஆறு எது என்று நானே தேடவேண்டியிருந்தது. கண்ணில்லாத பதினெட்டாமவனைக் கடைசியில், முதுகு காட்டி நிறுத்திவிட்டாள். “இப்பக் கை நெலக்காது” என்றாள். பிறகு பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ரொம்ப நேரம் காணோம்.

தேடிப் போனேன். ஜன்னலோரம் தனிநபர் பிரிவு மேசையில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை உயரத்தில் ஒற்றைக் குதிரைக்காரன், விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறான். காற்றில் பறக்கிற நீல மேலங்கி. அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னும் கிட்டே குனிந்தேன். பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு அழகு. கீழே அட்டையில் கோகிலவாணி, திருப்பூர் என்று இருந்தது.

என் புத்தி முதலில் எங்கே போயிற்று தெரியுமா? நமக்கு இன்ப அதிர்ச்சி தரப் போகிறாள் என்று நினைத்தேன். என் பதினொன்றாம் ஸ்பூன் கலவையை எடுத்து அடித்திருக்கிறாள், பரவாயில்லை, நன்றாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு. இளிச்சவாய் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டரும் ஓடவில்லை. புழுக்கம் தாங்காமல் மூடியிருந்த உயரமான ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். மார்ச் மாதத்து வெயில், மேசைமேல் சரேலென்று விழுந்தது. நடுவர்கள் அப்போது எங்கள் ஜோடி மேசைக்கு வந்திருந்தார்கள், நானும் அங்கே ஓடிப்போய் நின்றேன். அதில் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்த்து, “இந்த ஆறு பேர் வேற பட்டாளமுங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பன்னிரண்டு பேர் இடிமேகம். ஆறு பேர் ஊதா, கத்தரிப்பூ மாதிரி.

நான் அவமானத்தில் நின்றதுகூட ஒரு நிமிடம்தான். சட்டென்று ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அதே வெயில் அவள் குதிரைக்காரன் மேலும் விழுந்துகொண்டிருந்தது. என் கலவையாக இருந்தால் அவனும் ஊதா ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த மேலங்கி கொஞ்சமும் மாறாமல், அசல் இடிமேகமாக, மழை வரப்போகிற மாதிரி இருந்தது.

மேசை விளக்கு. படுக்கையறை. “சித்தெ பச்ச கம்மி.” மோர் ஊற்றினாற்போல. நாச்சிமுத்து அக்காவைப் பார்த்த பார்வை. எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன. ஸ்பூனைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் அசல் பாட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து எனக்குத் திருத்தம் சொல்லியிருக்கிறாள். நான் அவள் கண்ணைப் பாராட்டியிருக்கிறேன்!

எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுக்கிற வரிசையில் அவளைப் பிடித்தேன்.

“எத்தன பாட்டில் வெச்சிருக்கற?” என்றேன்.

அவளுக்கு முகம் வெளுத்தது. “மூணு கொண்டாந்தான்” என்றாள். மறைக்கவில்லை.

“எங்கிட்ட ஏன் இல்லைன்ன?”

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? ஒடனே பதினெட்டுப் பேருக்கும் ஊத்தியிருப்ப. ஒம்பது வருசமா எல்லாரும் என்ன சொல்றாங்க? சாந்தாமணி கலரு, சாந்தாமணி கலரு. நான் போட்ட கண்ண எவன் குனிஞ்சு பாத்தான்? ஒருக்கா, ஒரே ஒருக்கா, முழுப் பொம்மையும் என்ற கையில வரோணும்னு ஆச. உங்கிட்டச் சொன்னா நீ, கலர நான் பாத்துக்கறேன்ம்ப.”

அதில் பொய் இல்லை. சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? தனியாகச் செய்கிறேன், நீ கிட்ட வராதே என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், மூன்றாம் நாள் அவளுக்குக் கலவைத் தட்டு கழுவிக் கொடுத்திருப்பேன்.

“ஒளிச்சது போகட்டும்” என்றேன். “பக்கத்துல ஒக்காந்து, நான் கெடந்து மாயறதப் பாத்துட்டே, பச்ச கம்மி கறுப்பு ஜாஸ்தின்னு சொன்னியே கோகிலா, அது எதுக்கு?”

“உன்ற குதுரைக கெட்டுப் போகக்கூடாதுன்னுதான் அம்மிணி. உனக்கு ஒத்தாசையாத்தான்…”

உன்ற குதுரைகளாம்! போன ஆடியிலிருந்து நம்ம குதுரைக, நம்ம குதுரைக என்று சொன்ன வாய். எப்போது அவை என்னுடையவை ஆயின? எந்த ஞாயிற்றுக்கிழமை? அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு, குதிரைக்காரர்களை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தனிநபர் பிரிவில் அவளுக்கு முதலிடமாம். மௌனசாமியின் மருமகள் கண்காட்சிக்குப் போயிருந்தாள், அவர் போன் செய்து சொன்னார். ஜோடிக்கு ஒன்றுமில்லை.

எழுதியும் அடங்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கோகிலா வந்தாள். ஒன்பது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தான் போவேன்.

எங்கள் பக்கம் பகையாளி வந்தாலும் தண்ணீர் கொடுப்போம். தண்ணீர் கொடுத்தேன். காபி போடவில்லை.

மேசைமேல் ஒன்றரைப் பாட்டில் இடிமேகத்தை வைத்தாள். “அந்த ஆறு பேருக்கும் இத அடிச்சுரு அம்மிணி. பதினெட்டாமவனுக்குக் கண்ணு நான் போட்டுத் தர்றேன். அடுத்த வருசம் கொண்டு போலாம், நாம ரெண்டு பேரும்.”

அழுதாள். நிஜமான அழுகைதான், எனக்குத் தெரியாதா அவள் அழுகை. எனக்கும் வந்தது. ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது, இப்போது இவள் மனசுக்குள் எதைப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்க்கிறாள் என்றுதான் ஓடியது. அப்படி ஒரு எண்ணம் வந்தபிறகு எப்படிக் காபி போடுவது?

“முட்டி வலி எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

எழுந்து செருப்பை மாட்டினாள். போய்விட்டாள். பாட்டில்கள் மேசையிலேயே இருக்கின்றன.

ஏப்ரல் 2, வியாழன்

மாஸ் கிரே நேற்றுத்தான் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தது. பத்து நாளாம், பத்து நாள்! வேலை முடிந்ததும் முதலாளியிடமே போய் நின்றேன். “ஒரே ஒரு ஸ்பூனுங்க, இன்னிக்கு மட்டும்” என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, “சரி வெச்சுப் பாருங்க” என்றார்.

ராத்திரி முழுக்கக் கலந்ததில் பதினாறாவது ஸ்பூன். கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம். மௌனசாமி தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “இது வேசங்கட்டுலீங்க மேடம்” என்றார். நாளைக்கு மொட்டைமாடி வெயிலிலும் பார்க்க வேண்டும். இனி யார் சொன்னாலும் வெயிலில் பார்க்காமல் விடுவதாக இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் குளித்துத் தலை சீவி, செருப்பு மாட்டி, வீட்டைப் பூட்டித் தெருமுனைவரை போய்விட்டேன். பிறகுதான் எங்கே போகிறோம் என்று உறைத்தது. பக்கத்து வீட்டம்மாள், “என்னுங்க, எதையோ மறந்துட்டீங்களா?” என்றாள். ஆமாங்க என்று திரும்பி வந்தேன்.

பாட்டிலைத் திறந்து அசல் இடிமேகத்தை ஒரு ஸ்பூனில் தடவினேன். ஈரத்தில் மோர் ஊற்றினாற்போலத்தான் இருக்கிறது. பக்கத்தில் என் பதினாறாம் கலவை. காயவிட்டு வெயிலில் பார்த்தேன். இரண்டையும் மாற்றி வைத்துவிட்டால் எனக்கே தெரியாது.

அப்படியென்றால் எதை அடித்தாலும் ஒன்றுதான். அசலை அந்த ஆறு பேருக்கு அடிக்கலாம், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

நான் அந்தப் பன்னிரண்டு பேரை எடுத்தேன். அசல் மேலங்கிமேல் என் கலவையை, முகத்தில் படாமல், ஒவ்வொருவனாக அடிக்கத் தொடங்கினேன். மௌனசாமி பார்த்தால் மேடத்துக்கு மரை கழன்றுவிட்டது என்பார். யார் கண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஊதா அடித்த ஆறு பேருக்கும் புதுக் கலவையை அடித்தாயிற்று. பாட்டில்களை ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தனுப்பினேன். “அவ சரியாச் சாப்புடறதில்லீங்க” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பாட்டில்களைத் திரும்ப வாங்கவில்லை.

பதினெட்டுப் பேரையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் நிறுத்தினேன். ஒரே நிறம், ஒரே பட்டாளம். பதினேழு பேரும் கோகிலா வைத்த கண்ணால் என்னைப் பார்த்தார்கள். சந்தேகக்காரன், தூங்குமூஞ்சி, பெண்டாட்டிதாசன். அந்த முகங்களில் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். அவை நன்றாக இருக்கின்றன, என்ன செய்வது.

பதினெட்டாமவனுக்கு நானே கண் வைத்தேன். மூச்சைப் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றி, மூன்று முறை துடைத்துத் துடைத்து வைத்தேன். கை நடுங்கிவிட்டது. ஒரு கருவிழி மூக்கைப் பார்க்கிறது, ஒன்று வானத்தைப் பார்க்கிறது. சரியான மாறுகண். அவனைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

துடைக்கவில்லை. அவனைத் தூக்கி முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.